வன்னியில குளிர்காலத்தில பூக்கிற கத்தாழை வருமா? வரும், ஆனால் பாத்தி கட்டாதேங்கோ

தம்பி, உங்கட மூண்டு கத்தாழையும் மாரியோட அழுகிப்போச்சு, இலங்கையின்ர வடக்கில வன்னி மாதிரிக் காய்ஞ்ச இடத்து வளவில உந்தச் சிவப்புப்பூக் கத்தாழை சரிவராதோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். நீங்களும் தென்னங்கண்டுக்குக் கட்டுற மாதிரிச் சுத்திவர வரம்பு கட்டித்தான் வைச்சிருப்பீங்கள் எண்டு நினைக்கிறன், ஏனெண்டால் நானும் அதைத்தான் செய்தனான்.

நான் விவசாயம் படிச்சவள் இல்லை. விசுவமடுப் பக்கம் முக்கால் ஏக்கர் வளவு, அதில கண்டதைத்தான் எழுதுறன், படிச்ச ஆக்கள் பிழை எண்டால் சொல்லுங்கோ.

2017 ஆடியில மலைநாட்டில, பண்டாரவளையில மச்சாள் வீட்டுக்குப் போகேக்க மூண்டு கிளை முறிச்சுத் தந்தவ. உந்தச் சிவப்புப்பூக் கத்தாழையைத்தான் அலோ ஆர்போரெசென்ஸ் எண்டுறது, புதர் மாதிரிக் கிளைவிட்டு ஆளுயரத்துக்கு மேலயும் போகும், இலை ஓரத்தில முள்ளு. ஆனைக்கத்தாழையை இதெண்டு நினைச்சு வைச்சிருந்தால் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ, அது மெக்சிக்கோப் பக்கத்துச் செடி, ஒருக்காப் பூத்தால் அந்த மரம் செத்துப்போகும், இது வருசா வருசம் பூக்கிற சாதி.

கொண்டுவந்து கிடங்கு வெட்டி எருப் போட்டு வரம்பு கட்டி வைச்சன். வன்னியில பிறந்த எவரும் அதைத்தான் செய்வினம், மழைத்தண்ணி ஒரு துளி ஓடிப்போனாலும் எங்களுக்கு மனம் கேக்காது, குளமெல்லாம் அப்பிடிக் கட்டினதுதானே. கோடையில ஒரு குறையும் இல்லை. சோளகக் காத்து அடிச்சு இலை சிவந்து உள்ளுக்கு மடிஞ்சுதே தவிர சாகேல்லை. 2018 மார்கழி வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், இரணைமடுக் குளத்துக் கதவெல்லாம் திறந்துவிட்ட நேரம், எங்கட வளவிலயும் மூண்டு நாள் தண்ணி நிண்டது. வத்தினாப்பிறகு போய்ப் பிடிச்சால் ரெண்டு செடி அடியோட கழண்டு கையில வருது, ஒரே நாத்தம். இருந்து அழுதனான். ஒரு பூச்செடிக்கு அழுறதோ எண்டு கேக்கிற ஆக்கள் கேக்கட்டும்.

பிறகுதான் விளங்கினது. இது தென்னாபிரிக்கச் செடி, மலைப்பாறை இடுக்குகளில வளருறது. அங்க வைகாசி தொடங்கி ஆடி வரைக்கும் குளிர், அப்பதான் பூ. கூடுதலா வளருற கிழக்குப் பக்கம் மழை பெய்யிறது அவையின்ர கோடையில, குளிர்காலம் காய்ஞ்சு கிடக்கும். எங்களுக்கு நேர்மாறு, ஐப்பசி கார்த்திகை மார்கழியில மழையும் குளிரும் சேந்துதான் வரும். பூக்கிறதுக்கு ஆயத்தமாகிற நேரத்தில வேர் தண்ணிக்குள்ள கிடந்தால் என்ன செய்யும்? வரட்சி இதைக் கொல்லாது தம்பி, மாரிதான் கொல்லும்.

மிஞ்சின செடியின்ர தலையை வெட்டி, விறாந்தை நிழலில பத்து நாள் வெட்டுவாய் காயவிட்டன். 2019 மாசியில ஒண்டரை அடி உயரத்துக்கு மேடு போட்டு வைச்சன், பழைய வீட்டின்ர உடைஞ்ச ஓட்டுத்துண்டு, செங்கல் துண்டு, பருமணல், ஒரு கை பழைய எரு. தனிக் கிரவல் மண் போடாதேங்கோ, மழை பட்டால் இறுகி சீமெந்து மாதிரிப் போயிடும். நாள் முழுக்க வெயில் விழுற இடம் வேணும். கோடையில பதினைஞ்சு நாளைக்கு ஒரு வாளி, மழை தொடங்கினால் ஒரு சொட்டும் இல்லை, யூரியா கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ.

"வன்னியில என்ன குளிர்காலம்" எண்டு கீழ வந்து எழுதப்போறவைக்கும் சொல்லுறன், தைப்பனி தரையைத் துளைக்கும் எண்டு சும்மா சொல்லேல்லை. ஆனால் எங்களுக்கு ஆனிக்கும் மார்கழிக்கும் பகல் ஒரு மணித்தியாலம் மட்டிலதான் வித்தியாசம், ராக்குளிரும் பண்டாரவளை மாதிரி இல்லை, அதால அங்க மாதிரி அள்ளிப் பூக்கும் எண்டு நான் சொல்லமாட்டன். எனக்கு 2023 தைப்பொங்கலுக்குப் பிறகுதான் முதல் பூ, ஒரேயொரு தண்டு, தணல் நிறம். விடிய எழும்பிப் பாக்க ஒரு தேன்சிட்டு தொங்கிக்கொண்டு நிக்குது. போன தை நாலு தண்டு.

வெளிநாட்டுச் செடி ஏன் எண்டும் ஆரும் கேப்பினம். மிளகாய், கச்சான், மரவள்ளி, பப்பாசி எல்லாம் எங்கயிருந்து வந்தது? தென்னாபிரிக்காவில இதை மாட்டுப்பட்டியைச் சுத்தி வேலியா நட்டிருக்கினம், கட்டாக்காலி மாட்டோட மாரடிக்கிற எங்களுக்கு அது பிரயோசனம் இல்லையோ?

கண்டு நடுற காலம் எண்டோடன ஒண்டு சொல்லவேணும். போர் முடிஞ்சு நாங்கள் முகாமால திரும்பி வந்த புதிசில ஒரு நிறுவனம் வீட்டுக்குப் பத்து மாங்கண்டு, பலாக்கண்டு தந்தவை. எப்ப? ஆவணியில! கிணறு இன்னும் இறைக்கேல்லை, குடிக்கிற தண்ணி பவுசர் வண்டியில வருது. கண்டோட எங்களை நிப்பாட்டிப் படம் எடுத்தவை, பிறகு ஒருத்தரும் வரேல்லை. பத்தும் கருகிப்போச்சு. ஐப்பசி வரைக்கும் பொறுத்துத் தந்திருந்தால் இண்டைக்கு என்ர பிள்ளையள் மாம்பழம் சாப்பிட்டிருக்கும். இண்டைக்கும் அது மனசில கிடக்குது.

சரி தம்பி, மாசியில நான் கிளை வெட்டுவன். நீங்கள் இப்பவே மேட்டைப் போட்டு ஒரு மழை பெய்யவிட்டு, அடியில தண்ணி தங்குதோ எண்டு கிண்டிப் பாருங்கோ. தங்கேல்லை எண்டால் எழுதுங்கோ, ரெண்டு கிளை எடுத்து வைக்கிறன்.