கால்பந்தில் ரெஃப்ரி ஆஃப்சைடை எப்படி முடிவு செய்கிறார்? பிறகு ஆட்டம் எங்கிருந்து தொடங்கும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பள்ளிப் பசங்களின் ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவன் நான். செம்மண் தரை. போட்ட சுண்ணாம்புக் கோடு இடைவேளைக்குள் பாதி அழிந்திருக்கும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆஃப்சைடு இடத்தில் நிற்பது மட்டும் குற்றமே இல்லை. மைதான ஓரத்துச் சண்டையில் முக்கால்வாசி இது தெரியாமல் வருவதுதான். ஒருவரின் தலை, உடம்பு, கால் இவற்றில் ஏதாவது ஒன்று எதிரணியின் பாதிக்குள் இருந்து, பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் கோட்டுப் பக்கம் போயிருந்தால் அது ஆஃப்சைடு இடம். கை கணக்கில் வராது. அந்த ஆளுக்குச் சமமாக நின்றால் தப்பு இல்லை. கடைசி ஆள் பெரும்பாலும் கீப்பர் என்பதால் 'கடைசி டிஃபெண்டரைத் தாண்டக் கூடாது' என்று பேசிப் பழகிவிட்டோம். கீப்பர் மேலே ஏறி வந்துவிட்டால் இந்தக் கணக்குக் கவிழ்ந்துவிடும்.

பார்க்க வேண்டிய நொடி, சக ஆட்டக்காரர் பந்தைத் தொடும் நொடி. பந்து போய்ச் சேரும் நேரம் இல்லை. லைன்ஸ்மேன் அந்த நொடியை மனதில் பதிந்துகொண்டு, கொடியைத் தூக்காமல் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நின்றவர் பந்தைத் தொட்டாலோ, கீப்பரின் பார்வையை மறைத்தாலோ, பந்துக்காக எதிராளியோடு மல்லுக்கட்டினாலோ, கம்பத்தில் பட்டுத் திரும்பியதை அடித்தாலோதான் குற்றம். த்ரோ, கார்னர், கோல் கிக் மூன்றிலும் பந்தை நேராக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. எதிரணி டிஃபெண்டர் தெரிந்தே ஆடிய பந்து வந்தாலும் கிடையாது. அவர் மேல் பட்டுத் தெறித்து வந்தால் உண்டு. ஆடினாரா, தெறித்ததா என்று தீர்மானிக்கிற அந்த அரை நொடியில் எனக்கு இன்னமும் வயிற்றைக் கலக்கும்.

விசில் ஊதிய பிறகு எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். எங்கே வைத்து? குற்றம் நடந்த இடத்தில். அது அவர் முதலில் நின்ற இடமாக இருக்க வேண்டியதில்லை. 2016 விதித் திருத்தத்துக்குப் பிறகு, அது அவருடைய சொந்தப் பாதியாகவே இருந்தாலும் அங்கேதான்.

இதில்தான் நான் ஒருமுறை மாட்டினேன். ஒரு ஃபார்வேர்டு எதிரணிப் பாதியில் ஆஃப்சைடில் நின்றான். பின்னாலிருந்து தூக்கி அடித்த பாஸ் எதிர்க்காற்றில் வழியிலேயே விழுந்தது. பையன் நடுக்கோட்டைத் தாண்டித் தன் பாதிக்குள் ஓடிவந்து பந்தை எடுத்தான். ஊதினேன். அவன் எடுத்த இடத்திலேயே பந்தை வைக்கச் சொன்னேன். கோட்டோரம் நாற்காலி போட்டிருந்த ஐயா ஒருவர் எழுந்தே விட்டார். "ஏந்தம்பி, தன் வீட்டு வாசல்ல நிக்கிறவனுக்கு எப்புடி ஆஃப்சைடு குடுக்கிறிய?"

"பாஸ் கெளம்பினப்ப அடுத்த வீட்டுலல்ல நின்னான், ஐயா" என்று அவருக்கு விளக்கிக்கொண்டே இருந்தேன். அதற்குள் கிக் அடித்தாகிவிட்டது. கீப்பர் வெகுதூரம் முன்னால் வந்திருந்தான். பந்து அவன் தலைக்கு மேல் போய், ஒரு குத்துக் குத்தி, நேரே வலைக்குள்.

இன்டைரக்ட் கிக்கில் நேரே கோல் கிடையாது. இடையில் இன்னொருவர் தொட்டிருக்க வேண்டும். அதைக் காட்டத்தான் ரெஃப்ரி ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பது. நான் தூக்கியிருந்தால் கோல் கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். பேச்சு மும்முரத்தில் தூக்கவில்லை. அப்படி விட்டுவிட்டு நேரே கோல் விழுந்தால் கிக்கை மறுபடி அடிக்க வைக்க வேண்டும் என்பது விதி. இரண்டு அணியும் என்னைச் சூழ்ந்துகொண்டன. தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, எதிரணியை 9.15 மீட்டர் தள்ளி நிறுத்தினேன்.

இரண்டாவது தடவை கையை வானத்துக்கு நீட்டினேன். பந்து பக்கத்து ஆளுக்குப் போயிற்று, அவனிடமிருந்து இன்னொருவனுக்கும் போயிற்று. ஓரத்திலிருந்து அதே ஐயா குரல்: "அதான் தொட்டுட்டாகள்ல, கைய எறக்குங்க தம்பி!"