கடல் நீச்சலும் உடம்பின் அளவும்: உப்புவெளிக் கடிதத்துக்குப் பதில்

அன்பின் அக்கா,

வாற ஆடியில் உப்புவெளிக் கரையோரம் 5 கி.மீ. கடல் நீச்சல் வைக்கிறோம். பெண்கள் பிரிவுக்குத் திருநங்கை ஒருவர் பெயர் தந்திருக்கிறார். ஐந்தடி பத்தங்குல உயரம், அகன்ற தோள். "இந்த உடம்போடு எங்கட பிள்ளைகள் எப்படிப் போட்டி போடுறது?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். "தூரம் கூடினால் ஆண் பெண் வித்தியாசமே இல்லை, விடுங்கோ" என்று கழகத்துக்குள் சிலர். எது சரி?

— கழகச் செயலாளர் ஒருவர், திருகோணமலை

அன்புத் தம்பிக்கு,

இரண்டு கட்சியும் பாதிதான் சரி. தூரத்தில் தொடங்குவோம். 50 மீற்றர் சுயாதீன நீச்சலில் ஆண்களில் சீசர் சியேலோ 2009 இல் 20.91 செக்கன், பெண்களில் சாரா ஷோஸ்ட்ரோம் 2023 இல் 23.61. இடைவெளி 13 வீதமளவில். 1500 மீற்றரில் பொபி ஃபின்க் 14:30.67, கேட்டி லெடக்கி 15:20.48, ஆறு வீதத்துக்கும் குறைவு. இதைப் பார்த்துத்தான் உங்கள் கழகத்தார் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 கி.மீ. கடல் நீச்சலில் ஆண்களில் முதலிடம் 1 மணி 48 நிமிடம், பெண்களில் 1 மணி 59. ஆங்கிலக் கால்வாயைக் கடந்த சாதனை நேரம் ஆண்களில் 6 மணி 45 நிமிடம், பெண்களில் 7 மணி 25 நிமிடம். இரண்டிலும் இடைவெளி திரும்பவும் பத்து வீதத்துக்கு வந்துவிடுகிறது. 1926 இல் கேர்ட்ரூட் எடர்லே ஆண்களின் கால்வாய்ச் சாதனையை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தால் முறியடித்தது உண்மை. அவருக்கு முன் கடந்த ஆண்களோ ஐந்தே பேர். 5 கி.மீ. தூரம் எதையும் சமப்படுத்தாது.

இனி உடம்பு. நீர்ப்பரப்பில் வேகமாகப் போகும் உடம்பு முன்னால் ஓர் அலையை எழுப்பும். நீளமான உடம்புக்கு அந்த அலையின் தடை குறைவு. ஆனால் இது செக்கனுக்கு இரண்டு மீற்றர் போகும் குறுந்தூர வீரருக்குத்தான் பெரிய விடயம். 5 கி.மீற்றரை ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பவர் செக்கனுக்கு ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவாகப் போகிறார். அங்கே அலைத்தடை சொற்பம்; உடம்பின் முன்பரப்பும் தோல் உராய்வும்தான் இழுக்கும். அகன்ற தோள் அங்கே சுமையும்கூட. இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புள்ள பெண்ணுடம்பில் கால் தாழாமல் மிதக்கும், அதனால் ஒவ்வொரு வீச்சுக்கும் சக்தி குறைவாகச் செலவாகும்.

ஆகவே பெற்றோர் உயரத்தைப் பிடித்துக்கொண்டது பிழையான இடம். பூப்பில், அதாவது பருவமடையும்போது, ஆண் உடம்பு பெறுவது உயரம் மட்டுமல்ல: இதயம், நுரையீரல், கை நீளம், தசை. ஆண் ஹோர்மோனான டெஸ்ரொஸ்டெரோனைக் குறைத்தால், இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மூன்று நான்கு மாதத்தில் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும். தசையின் அளவு முதல் வருடத்தில் ஐந்து வீதமளவே குறையும். எலும்பு குறையாது. அவர்களுடைய கவலையில் நியாயம் உண்டு, ஆனால் அளவுநாடா அதற்கு விடை சொல்லாது. பெண்ணாகப் பிறந்த ஐந்தடி பத்தங்குலப் பிள்ளை வந்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

விதி தெளிவானது. சர்வதேச நீச்சல் சம்மேளனத்தின் 2022 ஜூன் கொள்கை கடல் நீச்சலையும் சேர்த்தே ஆளுகிறது. பெண்கள் பிரிவில் நீந்த விரும்பும் திருநங்கைக்கு ஆண் பூப்பு, ரானர் இரண்டாம் நிலையை (பூப்பின் ஐந்து படிகளில் இரண்டாவது) தாண்டுமுன், அல்லது 12 வயதுக்கு முன், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் தடுக்கப்பட்டிருக்கவேண்டும், டெஸ்ரொஸ்டெரோன் லீற்றருக்கு 2.5 நனோமோலுக்குக் கீழே நிற்கவேண்டும். மாற்றாக அவர்கள் கொண்டுவந்த , எப்பாலாரும் சேரக்கூடிய திறந்த பிரிவுக்கு 2023 இல் பேர்லின் உலகக் கிண்ணப் போட்டியில் ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. உங்கள் போட்டி சர்வதேசப் போட்டிக்கான தெரிவு என்றால் இந்த விதியைத்தான் பார்க்கவேண்டும்.

வெறும் கழக நீச்சல் என்றால் ஆண், பெண் பிரிவுப் பரிசையே விட்டுவிடுங்கள் என்பேன். எல்லாரிடமும் 1500 மீற்றர் நேரத்தை வாங்கி, வேகக் குழுக்களாக இறக்கி, குழுவுக்குள் பரிசு கொடுங்கள். எப்படி முடிவெடுத்தாலும் விளம்பரத்துக்கு முன் அந்தச் சகோதரியிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். 2016 முதல் இங்கே வழங்கப்படும் பாலின அங்கீகாரச் சான்றிதழ் அடையாள ஆவணங்களை மாற்றுவதற்கானது. அதைக் கரையில் வைத்துக் கேட்பது அநாகரிகம். உடையும் சிக்கலில்லை: கடல் நீச்சல் விதியில் இரு பாலாருக்கும் தோளிலிருந்து கணுக்கால் வரையான துணியுடை செல்லும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன்: சூடு. நீந்துபவர் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகிறது, தண்ணீருக்குள் வியர்வை காயாது. உடம்பு பெருக்கப் பெருக்க, உண்டாகும் சூட்டோடு பார்க்கத் தோலின் பரப்புப் போதாமல் போகும். கால்வாயின் குளிரில் பெரிய உடம்பைக் காப்பாற்றும் அதே கணக்கு, 28, 29 பாகையில் நிற்கும் நம் கடலில் அதற்கு எதிராகத் திரும்பும். 2010 இல் ஐக்கிய அரபு இராச்சியத்தின் புஜைராவில் 10 கி.மீ. போட்டியின் கடைசிப் பகுதியில் 26 வயது அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்தது வெந்நீர்க் கடலில்தான். விதியில் தண்ணீர்ச் சூட்டின் உச்ச எல்லை 31 பாகை. தொடங்க இரண்டு மணி நேரம் முன், பாதையின் நடுவில், 40 செ.மீ. ஆழத்தில் அளக்கவேண்டும். கரையோரத்தில் அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

டெஸ்ரொஸ்டெரோனை அடக்கத் திருநங்கையர் பலர் எடுக்கும் ஸ்பைரனோலக்டோன் என்ற மருந்து சிறுநீரைக் கூட்டும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். நீர்ச்சத்து முதலிலேயே குறைந்திருக்கும். நம்மவர் வழக்கமாக நீட்டும் இளநீரில் பொட்டாசியம் நிறைய. இந்த மருந்து எடுப்பவர் வைத்தியரைக் கேட்காமல் அதைக் குடிக்கக்கூடாது. உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 150 முதல் 200 மில்லி போதும். இந்த மருந்து ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் உண்டு, பெரிய போட்டிக்கு மருத்துவ விலக்கு எடுக்கவேண்டும். திருநம்பிகள் வந்தால் மார்பை இறுக்கும் உள்ளாடையோடு நீந்த விடாதீர்கள், மூச்சு போதாது.

காலை 6 மணிக்கே இறக்குங்கள். ஆடியில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) கரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் தண்ணீர் தட்டையாகத் தெரியும், களைத்தவர் தனக்கே தெரியாமல் வெளியே போவார். அதனால் வள்ளங்களை நீந்துபவருக்குக் கடல் பக்கமாக நிறுத்துங்கள். 2.5 கி.மீ. போய்த் திரும்பும் பாதை நல்லது, நீரோட்டம் ஒரு பக்கம் உதவினால் மறுபக்கம் கணக்குத் தீரும். வள்ளத்தில் இருப்பவர் நிமிடத்துக்கு எத்தனை கை வீச்சு என்று எண்ணிக் குறிக்கட்டும். தொடக்கத்தில் 64 இருந்தவர் 54க்கு இறங்கினாலோ, கால் தாழ்ந்தாலோ, பெயர் கேட்டால் தடுமாறினாலோ, அவர் மறுத்தாலும் ஏற்றிவிடுங்கள்.