செவுள் முன்னாடி வளையுது, புழு போட்டா திரும்பிக்குது

கேள்வி: அக்கா, கைநீளம் கூட இல்லாத ஒரு குட்டி ஆக்ஸலாட்டல் வளர்க்கிறேன். 60 லிட்டர் தொட்டி, கீழ கலர் கல்லு போட்டிருக்கேன், துணைக்கு ரெண்டு கோல்டுஃபிஷ் விட்டிருக்கேன். கொஞ்ச நாளா அதோட தலைக்கு ரெண்டு பக்கமும் இறகு மாதிரி வெளிய நீட்டிட்டு இருக்கிற செவுள் முன்பக்கமா வளைஞ்சே இருக்கு, வால் நுனி சுருண்டுக்குது, புழு போட்டா மூஞ்சியத் திருப்பிக்குது. மீனுக்கு ஊத்துற மருந்து ஊத்திப் பாருன்னு ஒருத்தர் சொல்றாரு. ஊத்தலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, அந்த பாட்டிலத் தொடாதீங்க. ஆக்ஸலாட்டல் மீன் இல்ல, தவளை மாதிரி நீர்நில வாழ்வி, அதோட தோலு தண்ணியில இருக்கிறத அப்படியே உள்ள இழுத்துக்கும், மீன் மருந்துல பலதுல காப்பர் இருக்கும், மீன் தாங்குற அளவ இது தாங்காது. நீங்க சொல்ற மூணு அறிகுறியும் எனக்கு நோய் மாதிரி தெரியல, தண்ணி சரியில்லன்னுதான் தோணுது.

ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்க. இதுக்கு வேண்டியது 16ல இருந்து 18 டிகிரி. 20 வரைக்கும் ஓட்டலாம், 24 தாண்டிட்டா அதுக்கு வேதனைதான். இதோட சொந்த இடம் மெக்சிகோ சிட்டி பக்கத்துல இருக்கிற சோச்சிமில்கோ ஏரி, கால்வாய்ங்க, கடல் மட்டத்துல இருந்து 2,200 மீட்டருக்கு மேல இருக்கிற குளிர்ந்த தண்ணி, அதுல பழகின உடம்பு இது. தண்ணி சூடாச்சுன்னா அதுல கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன் குறையும், அதே நேரத்துல இதோட உடம்புக்கு ஆக்சிஜன் அதிகமா தேவைப்படும், கூடவே பூஞ்சையும் பாக்டீரியாவும் வேகமா வளரும், மூணும் ஒண்ணா வந்து அடிக்குது. மூடிக்குப் பதிலா வலை போட்டு, தண்ணி மேல படுற மாதிரி சின்ன ஃபேன் வைங்க, ரெண்டு மூணு டிகிரி இறங்கும், ஆவியாகிற தண்ணிய மட்டும் அப்பப்ப ஊத்திக்கணும். ஐஸ் பாட்டில் அவசரத்துக்கு ஓகே, ஆனா அது உருகினதும் திரும்ப சூடாகும், அப்படி ஏறி ஏறி இறங்குறதும் கெடுதல்தான். ரூம் எப்பவுமே சூடா இருக்குன்னா சில்லர், அதாவது தொட்டித் தண்ணியக் குளிர வைக்கிற மெஷின், வாங்கித்தான் ஆகணும், வேற வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. சில்லருக்குச் செலவு பண்ண முடியாதுன்னா இந்த ஜீவன வளர்க்காம இருக்கிறதுதான் அதுக்கு நல்லதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

அடுத்தது தண்ணிய சோதிச்சுப் பாக்குற டெஸ்ட் கிட். கண்ணுக்குத் தண்ணி பளிங்கு மாதிரி இருக்குங்கிறத நம்பாதீங்க, அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் 0 இருக்கணும், நைட்ரேட் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 20 பங்கு) கீழ இருந்தா நிம்மதி. கழிவுல இருந்து வர்ற அம்மோனியாவ நைட்ரைட்டாவும், அத நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சுல குடியேற நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும், அதுக்கு முன்னாடியே உயிர விட்டுட்டா அது தன் கழிவுலயே மூச்சு விட்டுட்டு இருக்கும், தண்ணி சூடா வேற இருந்தா அதே அம்மோனியாவோட விஷம் இன்னும் கூடும். அம்மோனியா காட்டுச்சுன்னா குட்டிய ஒரு சுத்தமான பிளாஸ்டிக் டப்புக்கு மாத்தி, தினமும் முழுத் தண்ணியும் மாத்துங்க, தொட்டி அந்தப் பக்கம் தனியா தயாராகட்டும். குழாய்த் தண்ணிக்கு க்ளோரின் நீக்கி கண்டிப்பா போடணும், ராத்திரி பூரா பிடிச்சு வெச்சா க்ளோரின் போயிடும் சரி, க்ளோரினும் அம்மோனியாவும் சேந்த க்ளோரமின் போகாது. ஸ்பாஞ்ச குழாயடியில கழுவிடாதீங்க, அந்த பாக்டீரியா செத்துரும், தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியிலயே பிழிஞ்சு எடுங்க.

செவுள் முன்னாடி வளையுறதுக்கு ஃபில்டரோட வேகமும் காரணமா இருக்கலாம். இது அசையாத தண்ணிக்காரன், ஓட்டம் அடிச்சா தாங்காது. ஃபில்டர் வாய சுவரப் பாத்துத் திருப்பி விடுங்க, இல்லன்னா ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறிடுங்க.

கல்ல இன்னைக்கே எடுத்துடுங்க, இத நாளைக்குன்னு தள்ளாதீங்க. இது கடிச்சுத் திங்கிறது இல்ல, சட்டுன்னு வாயத் திறந்து தண்ணியோட சேத்து உறிஞ்சிரும், பக்கத்துல இருக்கிற கல்லும் உள்ள போயிரும், போனது குடல்ல அடைச்சுக்கும். குட்டியா இருக்கிற வரைக்கும் வெறும் தரையே போதும், 15 சென்டிமீட்டர் தாண்டினப்புறம் வேணும்னா மாவு மாதிரி நைசான மணல் போடலாம். ஏற்கனவே முழுங்கியிருக்குமோன்னு பயமா இருந்தா, வயிறு உப்பி மிதக்குதா, மலம் போகாம இருக்கான்னு பாருங்க, அப்படி இருந்தா வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நீர்நில வாழ்விகளப் பாக்குற கால்நடை மருத்துவர்கிட்ட போங்க, எக்ஸ்ரேல கல்லு தெரிஞ்சிரும். கோல்டுஃபிஷ்ஷயும் தனியா மாத்துங்க, அதுங்க செவுள புழுன்னு நினைச்சுக் கடிக்கும், இதுக்குத் துணையே தேவையில்ல.

கேள்வி: ரெண்டு குட்டிய ஒண்ணா வெச்சிருந்தேன், ஒண்ணோட முன்னங்காலு காணோம். பிழைக்குமா மேடம்?

பதில்: பிழைக்கும், காலும் திரும்ப முளைக்கும், எலும்பு நரம்பு எல்லாத்தோடயும். சின்னதுல இதுங்க பக்கத்துல அசையுற எதையும் இரைன்னு கவ்விடும், அதனால உடனே பிரிச்சு வைங்க, வளர்ற குட்டிக்கு தினமும் தீனி போடுங்க. குளிர்ந்த சுத்தமான தண்ணிதான் காயத்துக்கு மருந்து. காயத்துல பஞ்சு மாதிரி வெள்ளையா படிஞ்சா பூஞ்சை, அப்ப டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: லைட் போடலாமா? பெருசானதும் என்ன குடுக்கிறது?

பதில்: இதுக்கு கண்ணிமை கிடையாதுங்க, வெளிச்சத்துல இருந்து தப்பிக்க ஒளிஞ்சுக்கிறது ஒண்ணுதான் வழி, அதனால லைட் மங்கலா இருக்கட்டும், முழு உடம்பும் நுழையுற மாதிரி வழவழன்னு ஒரு குகை வைங்க, கூர்மையா எதுவும் வேண்டாம். பெருசானப்புறம் மண்புழுதான் நல்ல சாப்பாடு, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ போதும், பூச்சி மருந்து அடிச்ச மண்ணுல இருந்து எடுக்காதீங்க, மிச்சத்த அன்னைக்கே வெளிய எடுத்துடுங்க. தொட்டிக்கு வலையோ மூடியோ எப்பவும் இருக்கணும், இது துள்ளி வெளிய விழுறது உண்டு.