300 குதிரைத்திறன், சித்திரை வெயில்: ரீமேப் செய்த டர்போ கார்களுக்கான கேள்வி பதில்

கேள்வி (கோவை): அண்ணா, ஆக்டேவியா விஆர்எஸ் 230 வச்சிருக்கேன். ஸ்டேஜ் 1 ரீமேப் (வேற பார்ட்ஸ் மாத்தாம, என்ஜின் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை மட்டும் மாத்தறது) பண்ணி 300 குதிரைத்திறன் பக்கம் வருது. காலையில பறக்குது. மத்தியானம் ரெண்டு மூணு தடவை முழுசா மிதிச்சதும் டல்லாயிடுது. ஸ்கேன்ல எரர் கோட் இல்ல. டர்போ போச்சா?

பதில்: டர்போ நல்லாத்தான் இருக்கும் தம்பி. காற்றுதான் சூடாகிவிட்டது. டர்போ என்பது என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி. அது அழுத்தும்போதே காற்றின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிவிடும். அதை இறக்குவது இன்டர்கூலரின் வேலை. உங்கள் காரில் இருப்பது 230-க்குக் கணக்குப் போட்டு வைத்த இன்டர்கூலர். அதற்கு முதல் மிதியைத் தாங்கும் தெம்பு உண்டு. அடுத்தடுத்து மிதித்தால் அந்த அலுமினியமே சூடேறிக் கிடக்கும். உள்ளே போகும் காற்று 40 டிகிரியிலிருந்து 70-க்கு ஏறினால் அடர்த்தி 9 சதவீதம் போல் குறையும். அதோடு நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானாகவே வெடிப்பதும் வரும். இசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) இக்னிஷனைப் பின்னால் இழுக்கும், அதாவது தீப்பொறியைத் தாமதமாக விடும். நீங்கள் உணரும் டல் அதுதான். என்ஜின் தன்னைக் காத்துக்கொள்கிறது, அதனால்தான் எரர் கோட் வரவில்லை.

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் இன்டேக் வெப்பத்தையும், நான்கு சிலிண்டரிலும் தீப்பொறியை இசியூ எவ்வளவு பின்னால் இழுத்தது என்று காட்டும் டைமிங் கரெக்‌ஷனையும் ஒன்றாக லாக் எடுங்கள். ஆளில்லாத நேரான சாலையில், ஒரே கியரில், மூன்று முறை. மூன்றாவது லாக்கில் இன்டேக் வெப்பம் ஏறி, கரெக்‌ஷன் மைனஸில் ஆழமாகப் போயிருந்தால் பெரிய இன்டர்கூலர் போடுங்கள். டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்த புகைக்குழாய்), பெரிய டர்போ எல்லாம் அதற்கப்புறம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். சட்டப்படி தப்பு, பின்னால் வருகிறவர்களுக்கும் கெடுதல்.

கேள்வி (சென்னை): ஓஎம்ஆர் டிராஃபிக்ல கூட டெம்பரேச்சர் முள்ளு 90-லயே நிக்குது சார். அப்ப சூடு பிரச்சினை இல்லைன்னுதானே அர்த்தம்?

பதில்: அந்த முள்ளை நம்பாதீர்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 75-லிருந்து 105 வரை எங்கே இருந்தாலும் முள் 90-ஐயே காட்டும். ஓட்டுநர் பதறக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். டிஸ்ப்ளேயில் ஆயில் டெம்பரேச்சரைப் போட்டு வையுங்கள். கூலன்ட் சூடான பிறகும் ஆயில் 80-ஐத் தொடப் பத்து நிமிடம் போல் ஆகும். அதுவரை முழு மிதி வேண்டாம். மேலே 130-ஐ நெருங்கினால் காலை எடுத்துவிடுங்கள்.

கேள்வி (மதுரை): போலோ 1.0 டிஎஸ்ஐ. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா கூலா ஓடும்ங்கிறார். கூலன்ட் குறைஞ்சா போர் தண்ணி ஊத்தறார். சரியா?

பதில்: இரண்டுமே வேண்டாம். தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு. அது இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டுக்கே வராது. இசியூ பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும், மிச்சம் ஆயிலில் கலக்கும். போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள் படிந்து அடைக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கூலன்ட் அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது, முதலில் அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (திருச்சி): டர்போ டைமர் (சாவியை எடுத்தப்புறமும் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடற கருவி) மாட்டலாமா அண்ணா?

பதில்: தேவையில்லை. இப்போதைய கார்களில் என்ஜினை நிறுத்திய பிறகும் டர்போவுக்குக் கூலன்ட் சுற்ற மின்சாரப் பம்ப் இருக்கிறது. வீடு வந்து சேரும் கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினாலே போதும்.

கேள்வி (சேலம்): ரீமேப் ஆன கார்ல கொல்லிமலை இறங்கும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடுச்சு. பெரிய டிஸ்க் போடணுமா?

பதில்: உயிரோடு விளையாடும் விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிரேக் ஃப்ளூயிட் காற்றின் ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தரத்து ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ். குமிழ் அமுங்கும், ஃப்ளூயிட் அமுங்காது. பெடல் உள்ளே போவது அதனால்தான். 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால் எந்த டிஸ்க்கும் தாங்காது. முதலில் ஃப்ளூயிடை முழுக்க மாற்றுங்கள், டாட் 5.1 என்றால் இன்னும் நல்லது. அடுத்து நல்ல பிரேக் பேட். இறங்கும்போது கியரைக் குறைத்து என்ஜினைப் பிடிக்க விடுங்கள். பிரேக்கை அழுத்தி, விட்டு, அழுத்துங்கள். இவ்வளவும் செய்து பத்தவில்லை என்றால் டிஸ்க் பற்றிப் பேசலாம்.

கேள்வி (ஈரோடு): 100 ஆக்டேன் (நாக்கிங்கை அதிகம் தாங்கற) பெட்ரோல் ஊத்தினா பவர் ஏறுமா?

பதில்: இசியூவின் மேப் (ப்ரோக்ராம்) அதற்காக எழுதப்பட்டிருந்தால் ஏறும். தினமும் எதை ஊற்றப்போகிறீர்களோ அதற்கே மேப் எழுதச் சொல்லுங்கள். எத்தனால் சேர்ந்த பெட்ரோல் நாக்கிங்கைக் குறைக்கும், ஆனால் அதே சக்திக்கு லிட்டர் கூடுதலாக வேண்டும். அதனால் முழு மிதியில் ஃப்யூயல் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்) இசியூ கேட்ட அளவுக்கு நிற்கிறதா என்று லாக்கில் பாருங்கள். விழுந்தால் பம்ப் திணறுகிறது, அன்றைக்கே மேப்பைக் குறையுங்கள்.

கேள்வி (கோவை, முதலில் கேட்டவர்): இன்டர்கூலர் போட்டப்புறம் அடுத்து என்ன அண்ணா?

பதில்: ஒரு படி கோல்டான (சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும்) ஸ்பார்க் பிளக். என்ஜிகேயில் எண் கூடினால் கோல்டு, பாஷில் எண் குறைந்தால் கோல்டு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். பிறகு கியர்பாக்ஸ். உங்கள் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) தாங்க வேண்டிய முறுக்குவிசை கம்பெனி என்ஜினில் 350 நியூட்டன் மீட்டர். ஸ்டேஜ் 1 அதை ஏற்கெனவே தாண்டிவிட்டது. கியர்பாக்ஸ் ஆயிலையும் ஃபில்டரையும் 60,000 வரை காத்திருக்காமல் 30,000 கிலோமீட்டரிலேயே மாற்றுங்கள். கிளட்ச் பிரஷரைக் கூட்டும் கியர்பாக்ஸ் ட்யூனும் செய்யுங்கள். ஸ்டேஜ் 2 (டவுன்பைப் போன்ற பாகங்களையும் மாற்றிச் செய்யும் ரீமேப்) பற்றி அடுத்த கோடையின் லாக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.