கடன் வசூல் வழக்கில் தேவையில்லாமல் உங்கள் பெயர்: கேள்வி பதில்

கப்பலூர்: வக்கீல் சார், சரக்குப் பாக்கிக்குக் கம்பெனி மேல் வணிக வழக்கு. டைரக்டரான என்னை இரண்டாம் பிரதிவாதியாகப் போட்டிருக்கிறார்கள். நான் கேரண்டி எதுவும் கொடுக்கவில்லை.

பிரைவேட் லிமிடெட் வேறு, நீங்கள் வேறு. கேரண்டியும் இல்லை, உங்கள் மேல் மோசடி என்று விவரமாகச் சொல்லவும் இல்லை என்றால் கம்பெனிக் கடன் உங்கள் தலையில் விழாது. பிராதில் (வாதி கோர்ட்டில் கொடுத்த வழக்குரையில்) உங்கள் பெயர் வரும் ஒவ்வொரு பத்தியையும் படியுங்கள். 'இவர் டைரக்டர்' என்பதோடு நின்றால் சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 1 ரூல் 10(2)ல் உங்கள் பெயரை நீக்க மனுப் போடுங்கள். எந்தக் கட்டத்திலும் நீக்கலாம் என்றாலும், எழுவினா (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனையும் முன்பே ஆட்சேபிக்கச் சொல்கிறது அதே ஆர்டரின் ரூல் 13.

மனுப் போட்டாச்சே என்று எதிருரையை (பிராதுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் பதிலை) மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சம்மன் வாங்கியதிலிருந்து 30 நாள், கோர்ட் நீட்டித்தாலும் 120 நாள், அப்புறம் உரிமையே போய்விடும்.

மேலூர்: கூட்டு நிறுவனத்திலிருந்து (பார்ட்னர்ஷிப்) விலகிவிட்டேன், என் மேலும் வழக்கு.

விலகுமுன் வாங்கிய கடனென்றால் பொறுப்பு உண்டு. பிந்தைய கடனுக்கு, விலகியதைப் பொது அறிவிப்பாகக் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

தல்லாகுளம் ஜூனியர் வக்கீல்: அண்ணே, ஆர்டர் 7 ரூல் 11ல் டைரக்டர் மட்டும் பிராதை நிராகரிக்கக் கேட்டால் சீக்கிரம் முடியுமே?

முடியாது தம்பி. பிராதை முழுசாகத்தான் நிராகரிக்கலாம். செஜல் கிளாஸ் வழக்கில் (2017) இதேதான்: டைரக்டர்கள் மேல் வழக்குமூலம் (வழக்குப் போடக் காரணம்) இல்லை என்று உயர் நீதிமன்றம் பிராதைப் பிரித்து, கம்பெனி மேல் மட்டும் நடக்கட்டும் என்றது, உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

மறுபடி ஜூனியர்: வழக்குமூலமே இல்லாதவர் விசாரணை முடியும்வரை அலையணுமா?

அதற்குத்தான் ரூல் 10(2) இருக்கிறது. பிராது கம்பெனி மேல் நிற்கும், அந்த ஒரு பெயர் மட்டும் போகும். ரூல் 11ஐப் பிடித்துக்கொண்டு வாய்தா வாங்கினால் எரிவது கட்சிக்காரரின் 120 நாள். நல்ல கேஸ்கள் எதிருரை இல்லாமல் போனதைப் பார்த்து மனசு பொறுக்காமல் சொல்கிறேன்.

திருமங்கலம்: நானும் டைரக்டர். சம்மன் வந்து 3 மாதம் ஆச்சு.

முதல் பதிலைப் படியுங்கள். மிச்சம் ஒரு மாதம்தான், எதிருரையோடு தாமதத்துக்கு மனுவும் வேண்டும். இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

விளக்குத்தூண்: கேரண்டியில் கையெழுத்துப் போட்டேன், நீக்குவார்களா?

மாட்டார்கள்.

கீழமாசி வீதி: நாங்கள் வாதி. ஆள் மாறிப்போச்சு, சரியானவரைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் அவரைப் பொறுத்தவரை சேர்த்த நாளில்தான் வழக்குப் போட்டதாகக் கணக்கு. நல்லெண்ணத் தவறென்று கோர்ட் ஒத்துக்கொண்டால் முந்தைய தேதி கிடைக்கலாம். வழக்குப் போடுவதற்கான 3 வருடக் கெடு நெருங்குகிறதென்றால் அடுத்த வாய்தாவரை காத்திருக்காமல் மனுவைப் போடுங்கள்.