வாசகர் கேள்வி - பதில்: 755 பெரிதா, 714 பெரிதா?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் ஹாங்க் ஆரன் 755 ஹோம் ரன் (பந்தை அடித்து, பேஸ் எனப்படும் நான்கு முனைகளையும் ஒரே ஓட்டத்தில் சுற்றி வருவது), பேப் ரூத் 714. பிறகும் ரூத்தையே முதலில் சொல்கிறார்களே, ஏன்?

பதில்: எத்தனை வாய்ப்பில் அடித்தார்கள் என்று பார்த்தால் புரியும். ஆரன் 3,298 ஆட்டங்களில் 12,364 அட்-பேட் (மட்டை பிடித்து ஆடிய முறை). ரூத் 2,503 ஆட்டங்களில் 8,399. வகுத்தால் ரூத்துக்கு 11.8 அட்-பேட்டுக்கு ஒரு ஹோம் ரன், ஆரனுக்கு 16.4. இத்தனைக்கும் பாஸ்டன் ரெட் சாக்ஸில் ரூத் முதலில் பிட்சர் (பந்து வீசுபவர்). அந்த வருடங்களில் மட்டை பிடித்ததே குறைவு. 1920-ல் அவர் 54 அடித்தபோது, அமெரிக்கன் லீகில் அடுத்து வந்த ஜார்ஜ் சிஸ்லர் அடித்தது 19.

கேள்வி: ரூத்தின் சராசரி .342, ஸ்லக்கிங் .690. இந்தப் புள்ளிக் கணக்கு எப்படி வருகிறது?

பதில்: கிரிக்கெட் சராசரியை மறந்துவிடுங்கள். இங்கே ரன்னுக்கும் சராசரிக்கும் தொடர்பே இல்லை. ஹிட்டை (அடித்துப் பத்திரமாக ஒரு பேஸையாவது எட்டியதை) அட்-பேட்டால் வகுப்பதுதான் பேட்டிங் சராசரி. ரூத்: 2,873-ஐ 8,399-ஆல் வகுத்தால் .342. ஆரன்: 3,771-ஐ 12,364-ஆல் வகுத்தால் .305.

ஸ்லக்கிங்கில் ஹிட்டுக்கு எடை உண்டு: எட்டிய பேஸ் எத்தனையோ அத்தனை. சிங்கிள் 1, டபுள் 2, டிரிபிள் 3, ஹோம் ரன் 4. ஆரனுக்குப் போட்டுப் பாருங்கள்: 2,294 சிங்கிள், 624 டபுள் (1,248), 98 டிரிபிள் (294), 755 ஹோம் ரன் (3,020). கூட்டினால் 6,856 மொத்த பேஸ். அட்-பேட்டால் வகுக்க .555. ஹிட் எண்ணிக்கையை அப்படியே சிங்கிளாக எடுத்துக்கொண்டு மற்றதை மேலே கூட்டுவது வழக்கமான தவறு. ஒரே ஹோம் ரன் இரண்டு முறை ஏறிவிடும்.

இன்னொரு பொறி, வாக். நான்கு தப்பான பந்துக்கு இலவசமாக முதல் பேஸுக்குப் போவது அட்-பேட்டில் சேராது. நான்கு முறை வந்து ஒரு ஹிட், ஒரு வாக், இரண்டு அவுட் என்றால் சராசரி .333, ஆனால் ஆன்-பேஸ் விகிதம் (ஹிட்டிலோ வாக்கிலோ பேஸை எட்டிய விகிதம்) .500. ரூத் 2,062 வாக் வாங்கியவர், ஆரன் 1,402. அதனால் ஆன்-பேஸில் .474-க்கு .374 என்று இடைவெளி அகன்றுவிடுகிறது. சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

ஆன்-பேஸையும் ஸ்லக்கிங்கையும் கூட்டினால் ஓ.பி.எஸ். வகுக்கும் எண்ணே வேறு வேறாக இருக்கும் இரண்டைக் கூட்டுவது கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்காது. ஆனாலும் வேலை செய்கிறது. வேறு வேறு காலத்தவரை ஒப்பிட ஓ.பி.எஸ். பிளஸ்தான் வேண்டும். மைதானத்தையும் அந்தந்த வருட லீகையும் ஈடுகட்டி, சராசரி ஆட்டக்காரரை 100 என்று வைத்துப் போடுவது அது. ரூத் 206, ஆரன் 155.

கேள்வி: அப்படியென்றால் ஆரன் ஒரு படி கீழேதானா?

பதில்: உச்சத்தில், ஆமாம். ஒரே சீசனில் ரூத் 60 அடித்திருக்கிறார் (1927). ஆரனின் அதிகபட்சம் 47 (1971). ஆனால் 6,856 மொத்த பேஸும் 2,297 ஆர்.பி.ஐ.யும் (தன் ஆட்டத்தால் அணிக்கு வந்த ரன்) இன்றும் ஆரன் பெயரில்தான். ஹோம் ரன் எல்லாவற்றையும் கழித்தாலும் 3,016 ஹிட் மிஞ்சும். ரூத் ஆடிய காலத்து மேஜர் லீகில் (பேஸ்பாலின் உச்ச நிலைப் போட்டி) கறுப்பின வீரர்களுக்கு இடமே கிடையாது. கதவு திறந்தது 1947-ல், ஜாக்கி ராபின்சனுக்கு. அந்த ஓட்டையை ஓ.பி.எஸ். பிளஸ் அடைக்காது. ஸ்ட்ரைக் அவுட்டையும் (பந்தை அடிக்க முடியாமல் அவுட் ஆவது) பாருங்கள்: ரூத் 6.3 அட்-பேட்டுக்கு ஒன்று, ஆரன் 8.9-க்கு ஒன்று.