தேய்ந்து மழுங்கிய பழைய காசுகளை யாராவது சேகரிப்பார்களா? அவற்றுக்கு மதிப்பு உண்டா?

சேகரிப்பார்கள். நானே சேகரிக்கிறேன்.

தாத்தாவின் பெட்டியில் ஒரு பிடி செப்புக்காசு இருக்கிறது, எல்லாம் தேய்ந்துபோய் ராஜாவா ராணியா என்றே தெரியவில்லை, யூடியூபில் லட்சக்கணக்கில் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பண விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். லட்சமெல்லாம் கிடைக்காது. எழுத்து பளிச்சென்று தெரியும் சாதாரணக் காலணாவுக்கே கடையில் பெரிய விலை இல்லை. மொட்டைக் காலணாவைப் பல வியாபாரிகள் கைநிறைய அள்ளித்தான் தருவார்கள். "உங்கள் காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று எவராவது போனில் பேசினால் உடனே வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

பெட்டியில் வெள்ளி ரூபாய் இருந்தால் கணக்கு வேறு. 1835இல் தொடங்கிய ஒரு ரூபாய்க் காசு 11.66 கிராம் எடை, அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. எவ்வளவு தேய்ந்தாலும் வெள்ளி வெள்ளிதான், அன்றைய விலைக்குப் போகும். ஆனால் 1940 முதல் 1945 வரையிலானவற்றில் வெள்ளி பாதிதான். 1946, 47ஆம் ஆண்டு ரூபாய் முழுக்க நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

சரி, விலையில்லாததை எதற்குச் சேர்ப்பது? நான் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கப்பலை உதாரணம் காட்டுவேன். சென்னை மாகாணத்தில் புழங்குவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1803, 1808 ஆண்டுகளில் பர்மிங்காமில் இருந்த சோஹோ நாணயச்சாலையில் செப்புக்காசு அடித்தது. பத்துக் காசு, இருபது காசு என்று மதிப்பு. 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்டனர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கிவிட்டது. 1980களில் முக்குளித்து அந்தக் காசுகளை ஏராளமாக எடுத்தார்கள். சிங்கம், கேடயம், பாரசீக எழுத்து எல்லாம் கூர்மையாக இருக்கும். இன்றைக்கும் உலகம் முழுக்க விற்பனையில் கிடைக்கின்றன. அழகான காசுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொடுத்து ஒருத்தர்கூட ஒரு கட்டு கீரை வாங்கியதில்லை. அதே நாணயச்சாலையில் அடித்து, ஒழுங்காக இங்கே வந்து சேர்ந்து, இந்தச் சந்தைகளில் புரண்ட பத்துக் காசு என்னிடம் ஒன்று இருக்கிறது. சிங்கத்தின் வால் மட்டும்தான் மிச்சம். இரண்டில் எது வேண்டும் என்றால் எனக்கு வால்தான் வேண்டும்.

இன்னொரு காரணம், கொஞ்சம் துப்பறியும் சுகம். புதுக் காசு எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடும். தேய்ந்த காசிடம் நாம்தான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒன்றைச் செய்து காட்டுகிறேன். கிட்டத்தட்ட 25 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வழவழப்பான செப்புத் தட்டு. காலணா மாதிரி இருக்கிறது. ஆனால் எந்தக் காலத்துக் காலணா? நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்தால் 5.6 கிராம். இங்கேயே பாதிக் கேள்வி முடிந்தது. 1835 முதல் அடித்த செப்புக் காலணாவின் எடை 6.47 கிராம். 1906இல் செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறியபோது அதை 4.86 கிராமாகக் குறைத்தார்கள். காசு தேயத் தேய எடை குறையுமே தவிர ஏறாது. ஆக, 5.6 கிராம் காட்டும் காலணா வெண்கலக் காலணாவாக இருக்க வழியே இல்லை, பழைய செப்புதான்.

அடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் காசின் பக்கவாட்டில், ஏறக்குறைய மேசையோடு படுத்த மாதிரி பிடித்து, காசை மெல்லத் திருப்புங்கள். நேர் வெளிச்சத்தில் இல்லாத மேடு பள்ளம் சாய்ந்த வெளிச்சத்தில் எழும்பி வரும். ஒரு பக்கம் கிரீடம் வைத்த தலையின் நிழல் மட்டும் தெரிகிறது, கண் மூக்கு இல்லை. கம்பெனிக் காலணாவில் தலையே கிடையாது, கேடயமும் சிங்கங்களும்தான்; விக்டோரியாவுக்குப் பிறகு வந்த எட்வர்டு மன்னர் வெறுந்தலையாக இருப்பார். எனவே இது விக்டோரியா. தலைக்கு வலப்பக்கம் விளிம்பை ஒட்டி, வளைந்த எழுத்து இரண்டு அடுத்தடுத்து நிற்கிற சாயல். 1876 வரை அந்த இடத்தில் க்வீன் என்றும், 1877 முதல் எம்ப்ரஸ் என்றும் பொறித்தார்கள். க்வீனின் கடைசி எழுத்து நேர்க்கோடுகளால் ஆனது. கடைசியில் இரட்டை எஸ் இருப்பது எம்ப்ரஸில்தான். அப்படியென்றால் 1877க்கும் 1901க்கும் நடுவில் அடித்த காசு. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் போய்விட்டது, போகட்டும். கையில் கொடுத்தபோது அது வெறும் தகடு என்பதை மறந்துவிடாதீர்கள். சில சமயம் காசின் மீது வாயால் ஊதினால், ஆவி படிந்து மறைவதற்குள் ஒரு நொடி இலக்கம் மின்னிவிட்டுப் போவதும் உண்டு. அச்சு அடித்த வேகத்தில் உலோகம் இடத்துக்கு இடம் வேறு மாதிரி இறுகியிருக்கும். மேல்தோல் போனாலும் அந்த இறுக்கம் கீழே கொஞ்சம் தங்கியிருக்கும்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே கறார் விதி: தேய்மானம் வேறு, சேதம் வேறு. கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசில் மேடான இடம் முதலில் போகும், பிறகு விளிம்பு, விளிம்பு போனதும் அதை ஒட்டிய எழுத்து. எல்லாமே ஒரே சீராக, விரலுக்கு வழுக்கலாக இருக்கும். காசு மாலைக்காகக் கொக்கி வைத்துப் பற்றவைத்தது, துளை போட்டது, அரம் வைத்து ராவியது எல்லாம் சேதம். 1943 முதல் 47 வரை வந்த ஓட்டைக் காலணாவைப் பலர் வாஷராகவே முடுக்கிவிட்டார்கள்; ஓட்டையைச் சுற்றி வட்டமாக நசுங்கியிருந்தால் அதுதான் கதை. நான் அதை வாங்குவதில்லை, வாங்குகிறவர்களோடு சண்டையும் இல்லை.

அப்புறம், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தாத்தா பெட்டியைத் திறந்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது அதுதான். குத்துவிளக்குக்குச் செய்கிற மரியாதையைக் காசுக்கும் செய்கிறார்கள். பளபளவென்று இளஞ்சிவப்பாக வந்து நிற்கும். நூறு வருஷம் ஏறிய நிறமும், அதோடு மிச்சமிருந்த எழுத்தின் நிழலும் கழுவிக்கொண்டு போய்விடும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பிவிசி உறை போட்ட ஆல்பத்திலும் போடாதீர்கள், செம்பில் பச்சை பிடிக்கும். காகித உறை மலிவு, நல்லது.

இது ஏதோ நம்மூர்ப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இதற்கு லோபால் என்று பெயரே வைத்து, போட்டி போட்டுக்கொண்டு சேர்க்கிறார்கள். வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த அளவுகோலில் காசின் தரம் 1 முதல் 70 வரை. எல்லோரும் 70ஐத் துரத்தும்போது இவர்கள் 1ஐத் துரத்துகிறார்கள். என்ன காசு, எந்த ஆண்டு என்று மட்டும் சொல்ல முடிய வேண்டும், மற்றபடி எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. கேட்க எளிது, கிடைப்பது கஷ்டம். அவர்களுடைய மார்கன் டாலர் பெரும்பாலும் மூட்டை மூட்டையாகக் கருவூலத்திலேயே கிடந்த காசு. அதனால் 1ஆம் தரத்து மார்கன் டாலர், சுமாராகத் தேய்ந்த அதே காசைவிட அதிக விலைக்குப் போவது உண்டு. எருமை பொறித்த ஐந்து சென்ட் காசில் சிக்கல் நேர் எதிர்: ஆண்டை மேடான இடத்தில் வைத்துவிட்டார்கள், முகம் போவதற்கு முன்பே ஆண்டு போய்விடும். ஆண்டு தெரியாவிட்டால் 1 கூடக் கிடையாது.

இதை நம் காசுகளுக்குப் பொருத்திப் பார்ப்பதுதான் எனக்கு இப்போதைய விளையாட்டு. காலணாவும் ஓரணாவும் மொட்டையாகக் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை, தினப்படிச் செலவுக் காசு அது. வெள்ளி ரூபாய் அந்த அளவுக்குத் தேய்வது குறைவு. 1906ஆம் ஆண்டுச் சட்டப்படி எடையில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் குறைந்துவிட்ட ரூபாய் அன்று செல்லாது; அதாவது கால் கிராம்கூடத் தாங்காது. 1911ஆம் ஆண்டின் பன்றி ரூபாயும் இந்த வகைதான். ஐந்தாம் ஜார்ஜின் உடுப்பில் இருந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியதால் வெளியே போனது சுமார் 7 லட்சம் மட்டுமே, மீதியை உருக்கிவிட்டார்கள். நன்றாகத் தேய்ந்தால் பன்றியும் இருக்காது, யானையும் இருக்காது, 1911 என்ற ஆண்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் உண்மையிலேயே தேடுவது 1969இல் வந்த காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய். 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. பீரோவிலும் பூஜை அறையிலும் பத்திரப்படுத்தப்பட்ட காசு அது. புத்தம்புதிதாக எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் கிடைக்கும். கடைக்குக் கடை போய், காந்தியின் முகம் மழுங்கும் அளவுக்குப் புழங்கிய ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. உங்கள் தாத்தாவின் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் பின்னூட்டத்தில் படம் போடுங்கள். கமிஷன் கேட்காமல் நானே வாங்கிக்கொள்கிறேன்.